காங்கயம் கொறங்காட்டில் ஒரு குதிரைப் பண்ணை: மல்லியை விட்டு வைத்திருக்கும் அனுபவம்

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து விலகி, கொறங்காட்டுக்குள் (உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) ஒருவர் அடுத்தவர்களுடைய குதிரைகளை மாதக் கட்டணத்துக்கு வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் பெயர்ப் பலகையோ இணையத்தில் பக்கமோ கிடையாது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க அம்மிணி, ஆனா பேரும் நம்பரும் போடாதீங்க, இருக்கிற ஏழு குதிரையே போதும்" என்றார். அதனால் பெயர் இல்லை. பண்ணையில் சில குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் அதுவும் நல்லதுதான். திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இடத்தைக் காட்டிவிடுவார்கள்.

நான் திருப்பூரில் பனியன் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். எங்கள் குதிரை மல்லி, பதினோரு வயது மார்வாரி, பெண். எடை சுமார் 380 கிலோ. மகள் சவாரி கற்றுக்கொள்ள வாங்கியது. மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள், மல்லி என் பொறுப்பு.

இங்கே வருவதற்கு முன்பு ஒரு சவாரிப் பள்ளியின் லாயத்தில் இருந்தாள். பார்க்க மிக நேர்த்தியான லாயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, டைல்ஸ் தொட்டி, மின்விசிறி, தினமும் உடம்பு தேய்ப்பு. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை கொள்ளும் தவிடும். நடுவில் ஒரு கட்டு புல், அது ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மீதி நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். அங்கேதான் மல்லி தொட்டி விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்றை இழுக்க ஆரம்பித்தாள். கெட்ட பழக்கம், கழுத்தில் பட்டை கட்டுங்கள், நின்றுவிடும் என்றார்கள். கால்நடை மருத்துவர் வேறு மாதிரி சொன்னார். வயிற்றில் புண் இருக்கலாம், முதலில் தீனி நேரத்தை மாற்றுங்கள் என்றார். அந்த ஒரு பேச்சுதான் எங்களை இந்தக் காட்டுக்குக் கொண்டுவந்தது.

மருத்துவர் விளக்கியதைச் சொல்லிவிடுகிறேன், பண்ணையை எதை வைத்து அளக்கிறேன் என்பது அப்போதுதான் புரியும். குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குச் சிறியது, எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான். அதில் அமிலம் சாப்பிடும்போது மட்டுமல்ல, இருபத்திநாலு மணி நேரமும் சுரக்கும். அதைத் தணிக்கிற எச்சில் மென்றால்தான் ஊறும். தீனியைப் பார்த்ததும் நாயைப் போல எச்சில் விடுகிற உடம்பு இல்லை. ஆக, வாய் சும்மா இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அமிலம் வெறும் வயிற்றில் கிடக்கிறது. இரைப்பையின் மேல் பகுதிக்கு அமிலத்தைத் தாங்குகிற பூச்சும் கிடையாது. பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், கொள்ளையும் தானியத்தையும் ஒரே வேளையில் அள்ளிப் போட்டால் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பின்குடலுக்கு இறங்கும். அங்கே நார்ச்சத்தைப் புளிக்கவைத்துச் செரிக்கிற நுண்ணுயிர்களின் கணக்கு குழம்பும். வயிற்றுவலி வரலாம், குளம்புக்குள் அழற்சி வரலாம். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

கோடியக்கரை சரணாலயத்துக்குப் போனவர்கள் அங்கே திரிகிற மட்டக்குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக் குதிரைகளின் வம்சம்தான், யாரும் பார்த்துக்கொள்ளாமல் காட்டுத்தனமாகிவிட்டவை. எப்போது பார்த்தாலும் தலை கீழேதான் இருக்கும். நாலு அடி நடக்கும், ரெண்டு வாய் கடிக்கும், மறுபடி நாலு அடி. அவிழ்த்துவிட்ட குதிரை ஒரு நாளில் பதினைந்து, பதினாறு மணி நேரம் இப்படித்தான் மேயும். கூட்டமாக நிற்கும், தனியாக ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். லாயம் நடத்துகிறவர்கள் இந்த மூன்றையும்தான் முதலில் பறிக்கிறார்கள்: மெல்லும் நேரம், நடை, கூட்டாளி. பறித்துவிட்டு மின்விசிறி போடுகிறார்கள்.

இனி பண்ணைக்கு வருகிறேன்.

இருபது ஏக்கர் சொச்சம், நாலு துண்டாகப் பிரித்தது. சுற்றிலும் கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடு மேய்ந்த அதே காடு, மாடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு துண்டில் குதிரை மேய்ந்து முடித்ததும் மாட்டை விடுகிறார். ஏன் என்று கேட்டதற்கு, "குதிரை தின்னாத புல்லை மாடு தின்னும்" என்று சாதாரணமாகச் சொன்னார். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. குதிரை வயிற்றுப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் வளராது. புல்லில் ஒட்டியிருக்கும் அவற்றின் குஞ்சுகளை மாடு தின்று அழித்துவிடுகிறது. லத்தியையும் ஆள் வைத்துப் பொறுக்குகிறார்கள், ஆனால் தினமும் இல்லை.

வேலியை ஒட்டி உள்பக்கமாக ஒரு பாதை சுற்றி ஓடுகிறது, பன்னிரண்டு அடி அகலம் இருக்கும். தண்ணீர்த் தொட்டி ஒரு மூலை, உப்புக்கட்டி எதிர் மூலை, சோளத்தட்டு போடுகிற இடங்கள் நடுவில் சிதறி. தின்ன, குடிக்க, நக்க என்று குதிரைகள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்காவில் நெவாடா பக்கம் காட்டுக்குதிரைகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஒரு லாடக்காரர் இந்த மாதிரிப் பாதையைப் பரப்பினார் என்று படித்திருக்கிறேன். பண்ணைக்கார அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவர் அதெல்லாம் கேள்விப்படவில்லை. புல் மழைக்குத் துளிர்க்கும்போது குதிரை உள்ளே போய்க் குருத்தைக் கடித்துவிடக் கூடாது என்று அடைத்து வைக்கத்தான் பாதை விட்டாராம். எப்படியோ நல்லது நடந்தால் சரி.

தரை ஓடைக்கல்லும் சரளையும். மல்லிக்கு லாடத்தைக் கழற்றிவிட்டோம். முதலில் கூசிக் கூசி நடந்தாள், அப்புறம் குளம்பு இறுகிவிட்டது. ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து சீவிவிடுகிறார், அதற்குத் தனிக் காசு. ரோட்டில் தினமும் வண்டி இழுக்கிற குதிரைக்கு இது சரிவராது என்று அந்த ஆளே சொன்னார், எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

கொட்டகை மூன்று பக்கம் திறந்தது. தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று. பங்குனி, சித்திரையில் பதினோரு மணிக்கெல்லாம் எல்லாம் உள்ளே வந்து நிற்கும், மூன்று மணிக்குத்தான் வெளியே. யாரும் ஓட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. கொட்டகைக்குள் தடுப்பு எதுவும் இல்லாததால் மிரட்டுகிற குதிரை மிரண்ட குதிரையை மூலையில் அடைக்க முடியாது. நான் பார்த்த பல பெரிய லாயங்களில் இந்த யோசனை இல்லை. பெரிய அறை கட்டுவார்கள், ஒரே ஒரு கதவு வைப்பார்கள்.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. மல்லி பகலில் படுக்கிறாள். பழைய இடத்தில் அவள் படுத்து யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. குதிரை நின்றபடியே அரைத்தூக்கம் தூங்கும், ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குத் தரையில் படுத்தாக வேண்டும். அது கொஞ்ச நேரம்தான், ஆனால் தேவை. பக்கத்தில் இன்னொன்று காவலுக்கு நின்றால்தான் நம்பிப் படுக்கும். இங்கே ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒன்று இருக்கிறது, கிழடு. அதுதான் மல்லிக்குக் காவல். அதற்கு மல்லி காவல்.

தீனிக்கு வருவோம். நான் அதிகம் சண்டை போட்டதும் இதில்தான்.

மழைக்குப் பிந்திய மாதங்களில் மேய்ச்சலே போதும். தையிலிருந்து காடு காய்ந்துவிடும், அப்போது வெட்டி வைத்த கொழுக்கட்டைப் புல், சோளத்தட்டு, கடலைக் கொடி. எல்லாவற்றையும் சின்னக் கண்ணி நைலான் வலையில் கட்டிப் போடுகிறார். மீன் வலைக் கடையில் வாங்கி அவரே மடித்துத் தைத்தது. ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் உருவ முடியும் என்பதால் ஒன்றரை மணி நேரத்தில் தீர்கிற கட்டு அஞ்சு, ஆறு மணி நேரம் ஓடுகிறது. கடையில் விற்கிற வெளிநாட்டு வலை வாங்கியும் பார்த்தேன். விலை பல மடங்கு, உழைப்பு ஒன்றுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: லாடம் போட்ட குதிரைக்கு வலையைத் தாழ்வாகக் கட்டாதீர்கள், லாடம் கண்ணியில் மாட்டும். மரப்பெட்டிக்குள் வைத்துக் கட்டினால் அந்தப் பயம் குறையும். முதலில் இவர் வலைகளை ஆள் உயரத்துக்குத் தொங்கவிட்டிருந்தார். குதிரை தலையைத் தூக்கித் தின்றால் தூசி கண்ணிலும் மூக்கிலும் விழும், மூச்சுக்குழாயில் சேர்வதும் வடியாது. சொன்னதும் இறக்கிவிட்டார். இப்போது கடப்பைக் கல் பலகை போட்டு அதன் மேல் வைக்கிறார். வெறும் தரையில் போட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். மண் குடலில் தங்கி வருகிற வயிற்றுவலி பொல்லாதது. கடலைக் கொடியில் வேரோடு மண் ஒட்டியிருக்கும், உதறாமல் போடக் கூடாது. பூஞ்சை வாடை வந்தால் மாட்டுக்குக்கூடக் கொடுக்காமல் எறிந்துவிடுகிறார், அதைக் கண்ணால் பார்த்தேன்.

கொள்ளு கிட்டத்தட்ட நின்றுபோய்விட்டது. வேலை செய்கிற குதிரைக்கு மட்டும் வேகவைத்துக் கொஞ்சம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று மனுஷனுக்குச் சொல்லிவிட்டு, இளைத்த குதிரைக்கு மட்டும் கொள்ளை ஏன் கொட்டுகிறோமோ தெரியவில்லை. மல்லிக்கு இப்போது கொள்ளே இல்லை, விலா எலும்பு தெரியாத அளவுக்கு நன்றாகத்தான் இருக்கிறாள்.

சண்டை எதில் என்றால், கோ-4 என்கிற கம்பு நேப்பியர் புல். கோடையில் புல் பற்றாதபோது பக்கத்துக் கிணற்றுத் தோட்டத்திலிருந்து கம்பு நேப்பியர் வாங்கிப் போட ஆரம்பித்தார். தமிழ்நாடு முழுக்க மாட்டுக்குப் போடுகிற புல், பசேல் என்று இருக்கும், குதிரையும் ஆசையாகத் தின்னும். பிரச்சினை அதில் இருக்கிற ஆக்சலேட். அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாட்டுக்கு முதல் வயிற்றிலேயே நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும், அதனால் பெரிதாகத் தெரியாது. குதிரைக்கு நுண்ணுயிர்ப் பட்டறை இருப்பது பின்குடலில். சுண்ணாம்புச்சத்து உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால், சிறுகுடலில். அங்கே அது ஆக்சலேட்டோடு கட்டுண்டு கிடக்கும். இதோடு கோதுமைத் தவிடும் போட்டால் கேட்கவே வேண்டாம், தவிட்டில் சுண்ணாம்புச்சத்தைப் போல ஒன்பது, பத்து மடங்கு பாஸ்பரஸ். மாதக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். கால் மாற்றிக் கால் நொண்டும், பல் ஆடும், முகத்து எலும்பு வீங்கித் தலையே பெருத்துப்போகும். இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதாகவே காட்டலாம், எலும்பு கொடுத்துக்கொண்டிருக்கிறது அல்லவா. கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு என்பதால், காட்டுப் புல்தானே என்று சும்மா இருக்கவும் முடியாது.

அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க தாத்தா காலத்துல இருந்து..." என்று ஆரம்பித்தார். தாத்தா காலத்தில் கோ-4 இல்லையே அண்ணா என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. மருத்துவர் ஒரு தடவை நேரில் வந்து பேசிய பிறகுதான் இறங்கி வந்தார். இப்போது நேப்பியர் கால் பங்குக்கு மேல் இல்லை, தவிடு அறவே இல்லை. அமராவதிப் பாசனப் பக்கத்திலிருந்து குதிரை மசால் (லூசர்ன் தழை) வருகிறது, அதில் சுண்ணாம்புச்சத்து தாராளம். மருத்துவர் சொன்ன அளவில், தீவனத்துக்கென்று விற்கிற சுண்ணாம்புக்கல் தூளும் சேர்க்கிறார்கள். அறுகம்புல் வளர்க்க ஒரு துண்டை ஒதுக்கியிருக்கிறார், அதில் ஆக்சலேட் தொல்லை இல்லை. இன்னும் இரண்டு விஷயத்தை அவரே முன்பிருந்து கடைப்பிடிக்கிறார், பாராட்ட வேண்டும். பச்சைச் சோளத்தில் குதிரையை மேயவிடுவதில்லை, அது சிறுநீர்ப்பையைக் கெடுத்துப் பின்னங்காலைத் தள்ளாட வைக்கும். சூபாபுல் தழை போடுவதில்லை, தின்றால் பிடரியும் வாலும் உதிரும்.

எடை போட்டுத் தீனி கொடுக்கும் பழக்கம் இல்லை. "ஒரு கட்டு" என்பார். கட்டு ஒன்று நாலு கிலோ இருக்கும், இன்னொன்று ஆறு. உடம்பு எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த தீனி என்பது கணக்கு, மல்லிக்கு ஏழு கிலோ சொச்சம். தொங்கு தராசு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். என் குதிரைக்கு மட்டும் எடை போடுகிறார்கள் என்று நினைக்கிறேன், அதுவும் நான் வருகிற நாளில்.

மற்ற குறைகள். புதுக் குதிரையைக் கூட்டத்தில் சேர்க்க இவருக்குப் பொறுமை கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் நிறுத்தி முகர்ந்து பழக ஒரு வாரமாவது விட வேண்டும். மல்லியை ஒரே இரவில் உள்ளே விட்டுவிட்டார்கள். கத்தியவாரி இனத்துக் காயடித்த குதிரை ஒன்று பின்பக்கத்தில் கடித்து வைத்தது, தழும்பு இருக்கிறது. இரண்டாவது கேட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம் முள்கம்பி போட்டிருக்கிறார், கிளுவை பட்டுப்போன இடமாம். குதிரைக்கு முள்கம்பி எமன். எடுக்கிறேன், எடுக்கிறேன் என்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைச் சுற்றிச் சேறு. உண்ணி அதிகம், குதிரைக்கு இரத்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிற உண்ணியும் அதில் இருக்கும் என்பதால் வாராவாரம் காது, வாலடி, தொடை இடுக்கு எல்லாம் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மனுஷருக்கு உட்கார ஒரு கயிற்றுக்கட்டில் உண்டு, கழிப்பறை வீட்டில்தான். சவாரிக்கு மைதானம் இல்லை. குதிரை புழுதியும் வேலமுள்ளுமாக நிற்கும். படம் எடுத்துப் போட ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே வந்து தேய்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டணம் மாதம் 14,000 ரூபாய், தீனி சேர்த்து. மருத்துவம், குளம்பு சீவல், குதிரை மசால் தனி. கோடையில் 2,000 கூட வாங்குகிறார், தட்டு விலை ஏறுவதால் அதில் குறை சொல்ல மாட்டேன்.

மல்லி காற்றிழுப்பதை முழுக்க விடவில்லை. வேரூன்றிய பழக்கம் அப்படிச் சட்டென்று போகாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் தீனி நேரம் தவறினால் மட்டும் வேலிக் கல்லைக் கவ்வுகிறாள், மற்றபடி இல்லை. வயிற்றுவலி என்று ராத்திரி போன் வருவது நின்றிருக்கிறது. மருந்து குறைந்திருக்கிறது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த முள்கம்பியை எடுத்தால் நாலரை.

யாருக்குச் சரிவரும்? வயதான குதிரை, புண் வந்த குதிரை, லாயத்தில் நின்று நின்று ஆடிக்கொண்டே இருக்கிற குதிரை இதற்கெல்லாம் தயங்காமல் சொல்வேன். போட்டிக்குத் தயார் செய்கிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆண்குதிரை என்றால் அவரே எடுக்க மாட்டார், காயடித்தது மட்டும்தான். ஏற்கெனவே கொழுத்து, குளம்பு அழற்சி வந்து போன குதிரை என்றால் மழைக்குப் பின் வருகிற இளம்புல்லில் விடக் கூடாது, பாதையிலேயே அடைத்து வைக்கும்படி முன்னாடியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

இடம் பார்க்கப் போகிறவர்கள் மார்கழியில் போகாதீர்கள், அப்போது எந்தக் காடும் அழகாகத்தான் இருக்கும். பங்குனிக் கடைசியில், மதியம் ரெண்டு மணிக்குப் போங்கள். வலைகளில் தட்டு மிச்சம் இருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தைக்கு அந்தியூர் போய்விடுவார், அந்த வாரம் போன் எடுக்க மாட்டார். அவருடைய மனைவி இருப்பார். குதிரையைப் பற்றி அவரிடம் கேட்டால் இன்னும் தெளிவாகவே பதில் வரும்.